மருந்துக்கடைக்காரர் மகள்

ரஷ்யாவில் 1917-ல் புரட்சி வெடித்த சூட்டோடு சூடாக, பெட்ரோகிராட் நகரத்து மருந்துக்கடை ஒன்றில் சிப்பாய்கள் புகுந்தார்கள். 'இனி இது மக்கள் சொத்து!' கதவுக்கு சீல் வைத்தாயிற்று. கடையைக் கட்டி வளர்த்த ஸினோவி ரோஸன்பாம் வாயடைத்து நின்றார். அப்பாவின் அந்த முகத்தைப் பார்த்தாள் மகள் அலிஸா. வயது பன்னிரண்டு.

அவள்தான் 1926-ல் அமெரிக்கா போய், அயன் ராண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 1957-ல் 'அட்லஸ் ஷ்ரக்ட்' நாவலை வெளியிட்டவர். அட்லஸ், கிரேக்கப் புராணத்தில் வானத்தைத் தாங்கி நிற்கிற ராட்சதன். அவன் 'போங்கப்பா' என்று தோளைக் குலுக்கிவிட்டால்?

தொழிலாளிகள் ஸ்டிரைக் செய்து பார்த்திருப்பீர்கள். இதில் முதலாளிகளும் விஞ்ஞானிகளும் ஸ்டிரைக்! காரணம், சர்க்கார் கெடுபிடி. ஒரு கட்டத்தில் உத்தரவு எண் 10-289 வருகிறது: யாரும் வேலையை விடக்கூடாது, கம்பெனியை மூடக்கூடாது, புதிதாக எதையும் கண்டுபிடிக்கவும் கூடாது! திறமைசாலிகள் ஒவ்வொருவராக மாயமாக, ரயில்கள் நிற்கின்றன, தேசம் இருளுகிறது. கடைசியில் நாயகன் ஜான் கால்ட் ரேடியோவில் பேசுகிறான் பாருங்கள்... சுமார் 60 பக்கம்! பதிப்பாளர் பென்னட் ஸெர்ஃப் குறைக்கச் சொல்லிக் கெஞ்ச, 'பைபிளை வெட்டுவீர்களா?' என்று அம்மணி திருப்பிக் கேட்டாராம்.

மோசமான முதலாளியும் நாவலில் உண்டு. ஆனால், அவன் சர்க்காரைக் காக்கா பிடித்துப் பிழைப்பவன். யார் தயவும் இல்லாமல், லாபத்தைத் துரத்தியே தன் கம்பெனியைக் கவிழ்த்து, ஊரையும் சேர்த்துக் கவிழ்க்கிற கெட்டிக்காரன்? ஆயிரத்துச் சொச்சம் பக்கங்களில் அவனைத் தேடித்தான் பார்க்கவேண்டும். மருந்துக்கடை வாசலில் அலிஸா பார்த்த வில்லன் ஒரே வில்லன்தானே!

இதைப் பெரிதுபடுத்தக் காரணம் இருக்கிறது. நியூயார்க்கில் ராண்ட் வீட்டு ஹாலில், சனிக்கிழமை இரவுகளில் இந்தக் கையெழுத்துப் பிரதியைப் படித்த சீடர்களில் ஒருவர் ஆலன் கிரீன்ஸ்பான். 1987 முதல் 2006 வரை அமெரிக்காவின் மத்திய வங்கித் தலைவர். வங்கிகள் தங்கள் நலனைத் தாங்களே காத்துக்கொள்ளும், கண்காணிப்பு அதிகம் வேண்டாம் என்று நம்பியவர். 2008-ல் அந்த வங்கிகள் வரிசையாகச் சரிந்தபோது, தன் சித்தாந்தத்தில் ஓட்டை இருந்ததாக நாடாளுமன்றக் குழு முன்பு ஒப்புக்கொண்டார்.

வங்கிகளைக் காப்பாற்ற சர்க்கார் கோடிகோடியாகக் கொட்டியது. சீடரே கைவிட்ட பிறகு நாவல் படுத்துவிட்டதா? அதுதான் இல்லை. 2009-ல் விற்பனை எகிறியது. வரிப்பணம் போகிறதே என்று கடுப்பானவர்கள், 'அந்தம்மா அப்பவே சொன்னாங்க' என்று வாங்கிப் போனார்கள்!