‘உயிரோடு இருக்கிறாயா?’ முதல் ‘வேலை நடக்கிறதா?’ வரை
வலைப்பின்னல் கண்காணிப்பு வளர்ந்த கதை



“பழைய நினைவுகளை எல்லாரும் எழுதுறாங்க, நீங்க உங்க தொழிலைப் பத்தி எழுதுங்களேன்” என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். என் தொழில் நெட்வொர்க் நிர்வாகம். “நெட் வரலையே சார்” என்று போன் வந்தால் ஓடிவருகிற ஆள் என்றுதான் பலரும் எங்களை நினைக்கிறார்கள். அதுவும் உண்மைதான்! ஆனால் அந்தப் போன் வருவதற்கு முன்னாலேயே கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் பாடுபட்டிருக்கிறார்கள். அந்த வரலாற்றைத்தான் இங்கே சுருக்கமாகச் சொல்லப்போகிறேன். கம்ப்யூட்டர் படிக்காத நண்பர்களும் தயங்காமல் படிக்கலாம். உங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பது போகப்போகப் புரியும்.

எல்லாம் ஓடியது, ஒன்றும் நடக்கவில்லை

இன்றைய இணையத்துக்கு முன்னோடி, அமெரிக்காவில் 1969-ல் தொடங்கிய ஆர்பாநெட். அதன் சந்திப்புகளில் இருந்த ஐ.எம்.பி. என்னும் இயந்திரங்கள், தங்கள் நிலைமையைக் குறித்த இடைவெளியில் மாசசூசெட்ஸில் இருந்த பி.பி.என். நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தாமாகவே தெரிவித்துக்கொண்டிருந்தன. தந்தி ஆபீசுக்குத் தந்தி வருவது மாதிரி! நாட்டின் மறுகோடியில் ஒரு லைன் கெட்டாலும், இவர்கள் இங்கிருந்தபடியே தொலைபேசி நிறுவனத்துக்குச் சொல்லிவிடுவார்கள்.

அப்படிப்பட்ட வலையே 1980 அக்டோபர் 27 அன்று பல மணி நேரம் முடங்கிப்போனது. ஒரு ஐ.எம்.பி.யில் சில பிட்டுகள் விடுபட்டதால், அது அனுப்பிய நிலைமைச் செய்தி ஒன்று மூன்று வேறு வரிசை எண்களோடு உலாவியது. ஒன்றைவிட மற்றது புதியது, அதைவிட இன்னொன்று புதியது என்று அந்த மூன்றும் சுழன்றுகொண்டே இருந்தன. எல்லா இயந்திரங்களும் அவற்றையே ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டிருந்ததால் உருப்படியான வேலைக்கு நேரமே இல்லாமல் போயிற்று. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இயந்திரங்கள் நிற்கவில்லை. மும்முரமாக ஓடிக்கொண்டுதான் இருந்தன. ‘ஓடுவது’ வேறு, ‘வேலை நடப்பது’ வேறு என்ற பாடத்தை நம் தொழில் அன்றைக்கே படித்துவிட்டது. ஆனால் அந்தப் பாடம் மனதில் பதிய நெடுநாள் ஆயிற்று.

பிங் பிறந்தது

1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக்கூடத்தில் நெட்வொர்க் கோளாறு ஒன்றைத் துரத்திக்கொண்டிருந்த மைக் மூஸ் என்பவர் ஒரு சிறு நிரலை எழுதினார். ‘இருக்கிறாயா?’ என்று ஒரு பொட்டலம் போகும். ‘இருக்கிறேன்’ என்று பதில் வரும். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலியை நினைத்து அதற்கு ‘பிங்’ என்று பெயர் வைத்தார். இதுதான் தன் பெயர் சொல்லப்போகிற சாதனை என்று தெரிந்திருந்தால் இன்னும் ஓரிரு நாள் கூடுதலாக உழைத்திருப்பேனே என்று பிற்பாடு வேடிக்கையாக எழுதினார். 2000 நவம்பரில் ஒரு சாலை விபத்தில் அவர் காலமானார். அவருடைய பிங் இன்றைக்கும் கிட்டத்தட்ட எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது.

ஆனால் பிங் கேட்பது ஒரே கேள்வியைத்தான். வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தால் உள்ளேயிருந்து “ஊம்” என்று சத்தம் வருகிறதே, அவ்வளவுதான். உள்ளே இருப்பவருக்குக் காய்ச்சலா, பட்டினியா என்பது அதில் தெரியாது.

எண்களைக் கேட்கத் தொடங்கினோம்

அடுத்த கேள்வி, ‘எப்படி இருக்கிறாய்?’ என்பது. டென்னசி பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கேஸும் நண்பர்கள் மூவரும் சேர்ந்து எழுதிய எஸ்.என்.எம்.பி. நெறிமுறை 1988 ஆகஸ்டில் வெளியாயிற்று. கருவியில் உள்ள ஒவ்வொரு விவரத்துக்கும் கதவு எண் மாதிரி ஒரு எண் உண்டு. 1.3.6.1.2.1.1.3.0 என்று கேட்டால், கருவி கடைசியாக எழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நூறில் ஒரு பங்கு விநாடிக் கணக்கில் பதில் வரும். நம் நாட்டில் எர்நெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலை 1986-ல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்ட உதவியோடு தொடங்கி, சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட நிறுவனங்களை இணைக்க முயன்றுகொண்டிருந்த காலம் அது. நம்மில் பலர் செருப்பை வெளியே விட்டுவிட்டு கம்ப்யூட்டர் லேபுக்குள் பயபக்தியோடு நுழைந்த காலமும் அதுதான்!

எண் வந்தால் போதுமா? அதைப் புரிந்துகொண்டு படிக்க வேண்டுமே. போக்குவரத்தை எண்ணும் பழைய 32 பிட் கணக்கி 429 கோடியைத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். 10 மெகாபிட் லைன் நிரம்பி ஓடினால் அதற்கு ஏறக்குறைய 57 நிமிடம் ஆகும். 1 கிகாபிட்டில் 34 விநாடியே போதும். 5 நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப்பார்க்கிறவருக்கு நடுவில் அது எத்தனை சுற்று சுற்றியது என்று எப்படித் தெரியும்? அதனால்தான் பிற்பாடு 64 பிட் கணக்கிகள் வந்தன.

1994-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த டோபியாஸ் ஓட்டிகருக்கு ஒரு பிரச்சினை. வெளியுலகத்துக்கு இருந்தது ஒரே ஒரு 64 கிலோபிட் லைன். அது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று எல்லாரும் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்கள். அவர் எழுதிய எம்.ஆர்.டி.ஜி. அந்த எண்களை வரைபடமாகப் போட்டுக் காட்டியது. நம் சென்னை உள்ளிட்ட நகரங்களில் 1995 ஆகஸ்ட் 15 முதல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுக்கத் தொடங்கிய பிறகு, நம் ஊர் அலுவலகங்களின் திரைகளிலும் இந்தப் பச்சை, நீல வரைபடங்கள் வந்து உட்கார்ந்தன.

கேள்வியை நாமே எழுதும் காலம்

இதுவரை கேள்வியைத் தயாரித்தவர்கள் நெறிமுறை எழுதியவர்கள். அதை மாற்றிய பெருமையில் ஒரு பங்கு ஈதன் கால்ஸ்டாட் 1999-ல் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளியிட்டு, 2002-ல் நாகியோஸ் என்று பெயர் மாற்றிய மென்பொருளுக்கு உண்டு. எந்தச் சிறு நிரலை வேண்டுமானாலும் அதில் செருகலாம். 0 என்று முடிந்தால் நலம், 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை. விதி அவ்வளவுதான். ஜெர்மனியின் பேஸ்லர் நிறுவனம் 2003-ல் கொண்டுவந்த பி.ஆர்.டி.ஜி. வளர வளர, இந்த வசதியை விண்டோஸ் திரையிலேயே செய்யக் கொடுத்தது. அதில் ஒவ்வொரு கேள்விக்கும் ‘சென்சார்’ என்று பெயர். டேட்டாபேஸைக் கேட்க வேண்டுமானால், எஸ்.க்யூ.எல். வினவலை ஒரு கோப்பில் எழுதி அதற்கென உள்ள ஃபோல்டரில் வைக்க வேண்டும். பிறகு திரையில் அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்து, எந்த இடைவெளியில் கேட்பது, எந்த எண்ணைத் தாண்டினால் மஞ்சள், எதைத் தாண்டினால் சிவப்பு என்று குறித்துவிட வேண்டும்.

இதன் அருமை எனக்குப் புரிந்த இடம் ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். ரத்தப் பரிசோதனை முடிவுகள் லேபிலிருந்து வார்டுக்குக் கம்ப்யூட்டர் வழியாகப் போகவேண்டும். ஒரு நாள் எங்கள் திரை முழுக்கப் பச்சை. பிங் சரி, டிஸ்க் சரி, சர்வீஸும் ஓடுகிறது. அந்த நேரத்தில் லேப் எழுத்தர் வந்து, “சார், காலையிலேருந்து வார்டுலேருந்து ஒரே போனு, ஒரு ரிப்போர்ட்டும் வந்து சேரலையாம்” என்றார். அனுப்பும் நிரல் உயிரோடுதான் இருந்தது, அனுப்பத்தான் இல்லை. 1980-ன் பழைய கதையேதான்!

அன்று மாலை அந்த எழுத்தரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வினவலை எழுதினோம். ‘கையெழுத்தாகி 15 நிமிடத்துக்கு மேல் அனுப்பப்படாமல் கிடக்கும் முடிவுகள் எத்தனை?’ என்பது முதல் கேள்வி. “அது பூஜ்யம்னு வந்தா நல்லதுன்னு அர்த்தமா சார்? முடிவே பதிவாகலைன்னாலும் பூஜ்யம்தானே வரும்?” என்று அவரே கேட்டார். என்ன ஒரு கேள்வி! அதற்காக, ‘கடைசி முடிவு போய்ச் சேர்ந்து எத்தனை நிமிடம் ஆயிற்று?’ என்று இரண்டாவது வினவல் வைத்தோம். பகலில் எத்தனை நிமிடம் இயல்பு, நடுராத்திரியில் எத்தனை இயல்பு என்பதும் அவர் சொன்ன கணக்குத்தான். அந்த எண்கள் எந்தக் கையேட்டிலும் கிடையாது.

மாணவர்களுக்குச் சில வார்த்தைகள்

வினவல் எழுதும்போது மூன்று விஷயங்களை மறக்காதீர்கள். முதலாவது, பதில் ஒரே எண்ணாக வரட்டும். பக்கம் பக்கமாகப் பதில் வந்தால் நள்ளிரவில் எழுந்து யாரும் படிக்கமாட்டார்கள். இரண்டாவது, நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் ஒரு நாளைக்கு 1440 முறை. பெரிய டேபிளை முழுக்கத் துழாவும் வினவலை அப்படி ஓடவிட்டால் காவல்காரரே வீட்டுச் சோற்றைத் தின்று தீர்த்தது மாதிரி ஆகிவிடும். மூன்றாவது, சென்சாருக்குக் கொடுக்கும் கணக்கு படிக்க மட்டும் அனுமதி உள்ளதாக இருக்கட்டும். 2020 டிசம்பரில் வெளிவந்த சோலார்விண்ட்ஸ் விவகாரம் நினைவிருக்கும். ஓரியன் என்ற கண்காணிப்பு மென்பொருளின் அப்டேட்டிலேயே கள்ளத்தனமான நிரல் புகுந்து, ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் வரை போய்ச் சேர்ந்தது. அவர்களில் சிலரைக் குறிவைத்து ஊடுருவியபோது அமெரிக்க அரசுத் துறைகளும் தப்பவில்லை. எல்லா அறைச் சாவியும் யாரிடம் இருக்கிறதோ, திருடனின் கண் அவர்மேல்தான்.

நிரல் எழுதத் தெரிந்தவர்கள் இன்று ஏராளம். ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர் பெரும்பாலும் கணக்குப் பிரிவிலோ, கிடங்கிலோ, லேபிலோ சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார். தம்பி, தங்கை! வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவரைத் தேடிப்போய் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். “உங்க வேலை நின்னுபோச்சுன்னு உங்களுக்கு முதல்ல எப்படித் தெரியும்?” என்று கேளுங்கள். அவர் சொல்கிற பதில்தான் உங்கள் முதல் சென்சார்.