சேலம் விமான நிலையமும் ட்ரோன் விதிகளும்

ஓமலூர் வட்டம் காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்தில் 2023 அக்டோபரில் பயணிகள் விமானச் சேவை மீண்டும் தொடங்கியது. இதைச் சுற்றி ட்ரோன் பறப்பதை ட்ரோன் விதிகள், 2021 கட்டுப்படுத்துகின்றன.

தூர அளவீடு ஓடுபாதையிலிருந்து அல்ல, நிலைய எல்லைச் சுவரிலிருந்து தொடங்குகிறது. பலர் தவறுவது இங்கேதான். 8 கிலோமீட்டருக்குள் முன் அனுமதியின்றித் தரையை விட்டே எழும்பக் கூடாது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி உயரம் வரை பச்சை மண்டலம், அதாவது முன் அனுமதி தேவையில்லை. அதற்கு மேல் மஞ்சள், அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி தேவை. 12 கிலோமீட்டருக்கு அப்பால், சிவப்பு (பறக்கத் தடையுள்ள) மண்டலம் இல்லாத இடங்களில், 400 அடி வரை தடையில்லை. நாமக்கல் சமவெளியின் பெரும்பகுதி இதில் அடங்கும். காவல்துறை ஓரிடத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக 96 மணி நேரம் வரை அறிவிக்கலாம். ஆகவே கிளம்பும் நாளிலேயே மண்டல வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

கல்யாண வீட்டில் படமெடுக்கும் 250 கிராமுக்கு உட்பட்ட நானோ ட்ரோனுக்கு ஓட்டுநர் சான்றிதழ் வேண்டாம். ஆனால் மண்டல விதி அதற்கும் உண்டு. பத்து லிட்டர் மருந்துத் தொட்டியுடன் கரும்புத் தோகைக்குச் சற்று மேலே ஊர்ந்து செல்லும் தெளிப்பு ட்ரோன் 'சிறிய' வகை. பதிவெண், சான்றிதழ் இரண்டும் கட்டாயம். தாழப் பறப்பதால் ஆபத்தில்லை என்று நினைப்பது தவறு: விமான நிலையத்தருகே இறங்கும் விமானமும் தாழத்தான் வருகிறது.

விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.