புருவ நடுவே இரண்டு கோடுகள்

சென்ற கார்த்திகையில் அக்காவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அக்காவுக்கு 73 வயது. ஒன்றரை வருடமாக அவளுடைய இரண்டு கண்ணிமைகளும் சொல்லாமல் கொள்ளாமல் இறுக மூடிக்கொள்ளும். வெயிலில் போனால் இன்னும் அதிகம். பார்வையில் குறை எதுவும் இல்லை, கண்ணைத் திறக்கத்தான் முடியாது. ஒருநாள் கடைவீதியில் சாலையைக் கடக்கும்போது நட்டநடுவில் இப்படி ஆகிவிட, ஒரு ஆட்டோக்காரர்தான் கையைப் பிடித்து இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டார்.

உடம்புச் சூடு என்று விளக்கெண்ணெய் வைத்துப் பார்த்தோம். கண்ணாடியை மாற்றிப் பார்த்தோம். கடைசியில் கண் டாக்டர்தான் நோய்க்குப் பெயர் சொன்னார்: பிளெஃபரோஸ்பாஸம். இமையைச் சுற்றியுள்ள தசை தானாகவே சுருங்கிக்கொள்ளும் நோய். அதற்கு வைத்தியம், இமையோரத்திலும் புருவத்திலும் சின்னச் சின்னதாகச் சில ஊசிகள். மருந்தின் பெயரைக் கேட்டதும் அக்கா என்னைப் பார்த்தாள், நான் அக்காவைப் பார்த்தேன். போடாக்ஸ். சினிமாக்காரர்கள் போட்டுக்கொள்வது என்று நாங்கள் நினைத்திருந்த அதே போடாக்ஸ்!

ஒரு வாரத்தில் அக்காவின் கண்கள் திறந்து நின்றன. தனியாகக் கோயிலுக்குப் போய் வந்தாள். தொடர்கதை படித்தாள். நானோ அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏண்டி, என் மூஞ்சியையே பார்க்கிற?”

“புருவத்து நடுவுல இருந்த கோடெல்லாம் எங்க அக்கா போச்சு?”

அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ஐந்து வயது மூத்தவள் அன்றைக்கு என்னைவிடச் சின்னவளாகத் தெரிந்தாள்.

என் புருவ நடுவில் செங்குத்தாக இரண்டு ஆழமான கோடுகள் உண்டு. பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் 31 வருடம் சரித்திரம் சொல்லிக்கொடுத்தபோது மாணவிகள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘பதினொண்ணு டீச்சர்’. அப்போது அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. இப்போது அப்படியில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலும் பேரன், “பாட்டி, ஏன் கோவமா இருக்கே?” என்கிறான். தம்பி மகள் கல்யாண போட்டோவில் எல்லோரும் சிரிக்க, நான் மட்டும் யாரையோ திட்டிக்கொண்டு நிற்பது போல இருக்கிறேன். உண்மையில் அன்று நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். மறைப்பானேன், எனக்கும் ஆசை வந்துவிட்டது.

ஆனால் பழக்கம் விடுமா? எதுவும் பிறந்த கதை தெரிந்தால்தான் எனக்குப் புரியும். தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

கதை தொத்திறைச்சியில் ஆரம்பிக்கிறது. ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் கெட்டுப்போன தொத்திறைச்சியைச் சாப்பிட்டுப் பலர் இறந்தார்கள். முதலில் இமை தொங்கும், பிறகு நாக்கு குழறும், கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுபோகும். ஜஸ்டினஸ் கெர்னர் என்ற டாக்டர் இப்படிப்பட்ட 155 பேரின் விவரங்களைத் திரட்டி 1822-ல் ஒரு நூலாக வெளியிட்டார். அவர் ஒரு கவிஞரும்கூட. அந்த நஞ்சைச் சிறிதளவு தானே உட்கொண்டும் பார்த்திருக்கிறார். அது நரம்பின் கட்டளையைத் தசைக்குப் போகவிடாமல் தடுக்கிறது என்று கண்டுகொண்டு, அளவோடு கொடுத்தால் அடங்காமல் துடிக்கும் தசைகளுக்கு இதுவே மருந்தாகலாம் என்றும் எழுதிவைத்தார். நரம்பின் நுனியிலிருந்து அசிடைல்கொலின் என்ற பொருள் வெளிவருவதை நஞ்சு அடைத்துவிடுகிறது என்று 1949-ல்தான் விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள்.

1895-ல் பெல்ஜியத்தின் எல்லெஸெல் கிராமத்தில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர், சாப்பாட்டில் பரிமாறிய பன்றி இறைச்சியால் நோய்ப்பட்டார்கள். மூன்று பேர் இறந்தார்கள். கென்ட் நகரப் பேராசிரியர் எமில் வான் எர்மெங்கெம் அந்த இறைச்சியிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். லத்தீனில் தொத்திறைச்சிக்கு ‘போட்டுலஸ்’ என்று பெயர். கிருமிக்கு அதை ஒட்டியே பெயர் வைத்தார்கள். போடாக்ஸ் என்ற பெயரின் முற்பாதி அங்கிருந்து வந்ததுதான்.

கெர்னர் சொன்னது பலிக்க 150 வருடம் ஆயிற்று. சான்ஃபிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் டாக்டர், மாறுகண்ணை அறுவை சிகிச்சை இல்லாமல் நேராக்க வழி தேடிக்கொண்டிருந்தார். இந்த நஞ்சை மிகமிக நீர்த்த அளவில் குரங்குகளின் கண் தசையில் செலுத்திப் பார்த்து, 1973-ல் முடிவுகளை வெளியிட்டார். 1970-களின் இறுதியில் மனிதர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். மாறுகண்ணுக்கும், அக்காவுக்கு வந்திருக்கிற இமைத் துடிப்புக்கும் 1989-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அப்போது மருந்தின் பெயர் ‘ஆக்குலினம்’. அல்லெர்கன் நிறுவனம் அதை வாங்கிய பிறகுதான் போடாக்ஸ் ஆனது.

சுருக்கம் எங்கே வந்தது என்கிறீர்களா? 1987-ல் கனடாவின் வான்கூவர் நகரில் ஜீன் கருதர்ஸ் என்ற கண் டாக்டரிடம் இமைத் துடிப்புக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, ‘புருவ நடுவிலும் ஊசி போடுங்கள், போன தடவை போட்டபோது முகம் அமைதியாக இருந்தது’ என்று கேட்டிருக்கிறார். ஜீனின் கணவர் அலஸ்டெர் தோல் டாக்டர். வீட்டில் பேசிக்கொண்டார்கள். தங்கள் வரவேற்பாளரின் சம்மதத்தோடு அவருக்குப் போட்டுப் பார்த்தார்கள். கோடுகள் தளர்ந்தன. 1992-ல் கட்டுரை வெளியிட்டார்கள், 2002-ல் அமெரிக்க அனுமதி வந்தது. அந்த வான்கூவர் பெண்மணி கவனித்ததைத்தான் நானும் அக்காவின் கூடத்தில் உட்கார்ந்து கவனித்திருக்கிறேன்!

ஆசை மட்டும் மிகப் பழையது. சுமார் கி.மு. 1600-ஐச் சேர்ந்த எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்ற எகிப்திய மருத்துவச் சுருளின் பின்பக்கத்தில், கிழவரை இளைஞராக்கும் பூச்சுக்குச் செய்முறை இருக்கிறது. 1899-ல் வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி என்ற டாக்டர் பாரஃபின் வகைப் பொருளை உடம்புக்குள் ஊசி வழியாகச் செலுத்திக் காட்டியதும், மெழுகைச் சுருக்கத்துக்கும் மூக்குக்கும் ஏற்றும் மோகம் கிளம்பியது. பேரழகி என்று ஐரோப்பா கொண்டாடிய கிளாடிஸ் டீக்கன், மூக்கை எடுப்பாக்க மெழுகு ஏற்றிக்கொண்டார். அது நாளடைவில் இறங்கித் தாடைப் பக்கம் போய் முகமே கெட்டுவிட்டது. அவருக்கு அப்போது இருபத்தி சொச்சம் வயது. மார்ல்பரோ சீமாட்டியாகி 1977 வரை அந்த முகத்தோடுதான் வாழ்ந்தார்.

இதையெல்லாம் படித்து, ‘வீண் ஆசை, வேண்டாத வினை’ என்று புத்தகத்தை மூடியிருப்பேன். மூடவிடாமல் தடுத்தவர் சூசன் நோயல் என்ற பிரெஞ்சுப் பெண் டாக்டர். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் செய்தவர். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர். (பிரான்சில் அது 1944-ல்தான் கிடைத்தது.) அவரிடம் முகச் சுருக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் சீமாட்டிகள் அல்ல. முகத்தில் வயது தெரிந்தால் வேலை போய்விடும், வேறு வேலையும் கிடைக்காது என்று பயந்து வந்த பெண்களும் இருந்தார்கள். அழகு சிகிச்சைக்கு ஒரு சமூகப் பயன் உண்டு என்று வாதாடி 1926-ல் ஒரு புத்தகமே எழுதினார். அந்தப் பெண்களுக்குச் சுருக்கம் சோற்றுப் பிரச்சினை. அவர்களைப் பார்த்து ‘வீண் ஆசை’ என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறவள் நான்.

நம் ஊர்க் கதையில் இது தலைகீழ். கரிகாலன் சபைக்கு வழக்கோடு வந்த இரண்டு முதியவர்கள், இந்தச் சின்னப் பையனா நமக்கு நீதி சொல்லப் போகிறான் என்று தயங்கினார்களாம். கரிகாலன் உள்ளே போய் நரைமுடி தரித்துக் கிழவர் வேஷத்தில் வந்து தீர்ப்புச் சொன்னானாம். வகுப்பில் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இப்போதுதான் எனக்கு வேறு மாதிரிப் பட்டது. நோயலிடம் வந்த பெண்கள் வயதை மறைத்தார்கள், கரிகாலன் வயதை மாட்டிக்கொண்டான். எதிரே இருப்பவர் முகத்தில் எதைத் தேடுகிறார் என்று பார்த்துத்தான் இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள்.

அப்படியானால் என் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலேயே தோல் டாக்டரிடம் போனேன். என் மகள் வயதுப் பெண். “டீச்சர், புருவத்தைச் சுருக்குங்க. இப்ப விடுங்க” என்று பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். வழக்கமான அளவு 20 யூனிட், ஐந்து இடத்தில் ஊசி. சில நாளில் வேலை செய்யும், மூன்று நான்கு மாதத்தில் போய்விடும், மறுபடி போட வேண்டும். சிலருக்கு இமை தொங்கிச் சில வாரத்தில் சரியாகும். தசை பலவீன நோய் இருந்தால் கூடவே கூடாது. “மருந்து கோட்டை அழிக்காதும்மா, சுருக்கற தசையைத்தான் நிறுத்தும். உங்க கோடு சும்மா இருக்கும்போதே தெரியுது. முழுசாப் போகும்னு நான் சொல்ல மாட்டேன்” என்றார். 2002-ல் அமெரிக்கா கொடுத்த அனுமதியே 65 வயது வரைக்கும்தான். அதற்கு மேற்பட்டவர்களிடம் பலன் குறைவாகத் தெரிந்ததும் உண்மை. எனக்கு 68. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ராத்திரி சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு எழுபதுக்குப் பிறகு காது மந்தம். வாங்கிக் கொடுத்த காது மெஷின் மேஜை டிராயரில் தூங்குகிறது. இரண்டு தடவை உரக்கச் சொன்ன பிறகு புரிந்துகொண்டார்.

“போட்டுக்கறதுன்னா போட்டுக்கோ, பணத்தைப் பத்தி நினைக்காதே” என்றார். மோரை ஊற்றிக்கொண்டு, “ஆனா நீ கோவமா இருக்கியான்னு நான் எதை வச்சுக் கண்டுபிடிக்கறது?” என்றார்.

கேலியாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த நாலைந்து வருடமாக எங்கள் பேச்சில் பாதி என் முகத்தில்தான் நடக்கிறது. தூரத்திலிருந்தே என் புருவத்தைப் பார்த்து, அடுப்பை அணைக்க மறந்தது, மாத்திரை விட்டுப்போனது எல்லாம் தெரிந்துகொள்கிறார். சந்தேகமாக ஒரு நெரிப்பு, வேண்டாம் என்பதற்கு ஒரு நெரிப்பு. ஐம்பது பிள்ளைகள் வகுப்பை அடக்கியதும் அதே தசைதான். அந்தத் தசையை நிறுத்தினால் அவரோடு எதை வைத்துப் பேசுவேன்?

வேண்டாம் என்று முடிவு செய்தேன். இது என் கணக்கு மட்டும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் 64 வயதில் போட்டுக்கொண்டார். டியூஷன் நடத்துகிறார். கண்ணாடி பார்க்கவே பிடிக்காமல் இருந்தது, இப்போது உற்சாகமாக இருக்கிறது என்கிறார். சந்தோஷம். யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் முகத்தை யார் பார்க்கிறார்கள், எதற்குப் பார்க்கிறார்கள் என்று முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். பிறகு நல்ல டாக்டராகப் பாருங்கள்.

பேரனுக்கு ஒரு பாடம் நடத்தினேன். “பாட்டி நெத்தியை மட்டும் பார்க்காதே, கண்ணைப் பாரு. கண்ணும் சேர்ந்து முறைச்சாத்தான் கோவம்.” பரவாயில்லை, கற்றுக்கொண்டு வருகிறான்.

அக்காவுக்கு ஊசியின் பலன் குறைய ஆரம்பித்துவிட்டது. பங்குனியில் மறுபடி போக வேண்டும். நான்தான் துணை. அவளுக்கு உள்ளே ஊசி, எனக்கு வெளியே கேன்டீன் காபி.