பொக்லைன் வந்த வழி

எங்க சூலக்கரைப் பக்கம் மண் தோண்டுற வண்டி எதுவானாலும் பொக்லைன்தான். அது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். ஜார்ஜ் பத்தாய் என்பவர் 1927இல் தொடங்கியது. 1951இல் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் தோண்டும் எந்திரம் செய்தார்கள். இங்கே எல் அண்ட் டி அதைத் தயாரித்தது. வண்டி போயிடுச்சு, பேர் நின்னுடுச்சு. பேப்பரில் ‘பொக்லைன்’னு போட்டிருப்பான், படத்தில் மஞ்சள் ஜேசிபி நிக்கும்!

அதுக்கு முன்னாடி கண்மாய்க்கு மண்வெட்டியும் கூடையும்தான். குடிமராமத்துக்கு வராதவங்களை வரவைக்க வெள்ளைக்காரன் 1858இல் சட்டமே போட்டான். 2017இல் அரசு குடிமராமத்தைத் திரும்பத் தொடங்கினப்போ, என் கண்ணுக்கு ஆளைவிட வண்டிதான் அதிகம் தெரிஞ்சது.

வாடகை கொடுத்து மாளாமல், நாலு பேர் சேர்ந்து பழைய 20 டன் வண்டி தேடுறோம். நாலு வீட்டு நகையும் அடகுக்குப் போகுது. ஹவர் மீட்டரை நான் நம்புறதில்லை, அதைத் திருத்திடலாம். செயின் தேய்மானம், பக்கெட் பின்னில் ஆட்டம் பார்க்கணும். பூமைத் தூக்கி நிறுத்திட்டு ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. தானா இறங்கியிருந்தா உள்ளே எண்ணெய் கசியுது. பம்ப் சோர்வு எண்ணெய் சூடானாதான் தெரியும். அதனால ஒரு மணி நேரமாவது ஓட்ட விடாத ஆள்கிட்ட அட்வான்ஸ் கொடுக்கிறதில்லைன்னு பேசி வச்சிருக்கோம். நாளைக்கு மதுரையில் ஒண்ணு பார்க்கணும்.