பறை என்ற சொல் ஆங்கிலத்துக்குப் போன கதை

போன மாதம் நான்காம் படிவ மாணவி ஒருத்தி ஆங்கிலச் சொற்பட்டியலோடு என்னிடம் வந்தாள். "டீச்சர், இந்தப் 'பரையா' நம்ம சொல்தானே? இதைக் கட்டுரையில எழுதலாமா?" என்று கேட்டாள். பட்டியலில் அதற்கு 'ஒதுக்கப்பட்டவர்' என்று பொருள் போட்டிருந்தது. எனக்கு உடனே பதில் வரவில்லை. வரலாற்றைச் சொல்லாமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

முதலில் பறையைப் பார்ப்போம். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை இவற்றோடு பறையையும் சேர்க்கிறது. புறநானூற்றின் 335ஆம் பாடல் சிறந்த குடிகள் என்று நான்கைச் சொல்கிறது. அவற்றுள் பறையர் குடியும் ஒன்று. 'பறைதல்' என்றால் சொல்லுதல் என்றும் பொருள் உண்டு. மலையாளத்தில் அது இன்றும் அன்றாடப் பேச்சுச் சொல். செய்தியைப் பறையடித்து ஊருக்கு அறிவித்த வழக்கத்திலிருந்து வந்ததுதான் நாம் கட்டுரையில் எழுதும் 'பறைசாற்றுதல்'.

பிற்காலத்தில் சாதிக் கட்டமைப்பு இறுகியது. சாவு வீட்டில் பறையடித்த மக்களை ஊர் சேரிக்குத் தள்ளியது. அந்த நிலையைத்தான் ஐரோப்பிய வணிகர்களும் பாதிரிமார்களும் கண்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் ஆங்கில எழுத்தில் நுழைந்தது. ஒரு சமூகத்தின் பெயரைச் சாதிக்கு வெளியே வைக்கப்பட்ட எல்லாருக்குமான பெயராக அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அங்கேதான் முதல் பிழை.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பெர்னார்தென் த சேன் பியேர் எழுதிய 'இந்தியக் குடிசை' என்ற கதையும், 1821இல் மேடையேறிய தெலவீஞ்ஞின் 'பரியா' நாடகமும் இச்சொல்லை ஐரோப்பா முழுக்கப் பரப்பின. அதன்பின் தமிழ்நாட்டோடு தொடர்பே இல்லாத யாரையும், ஒரு நாட்டையும்கூட, 'பரையா' என்று சொல்லலாம் என்றாகிவிட்டது. சுருட்டு ஆங்கிலத்துக்குப் போனபோது சுருட்டாகவே இருந்தது. கட்டுமரம் இரட்டை உடல் கொண்ட படகானது. உயிரோடு வாழும் ஒரு மக்களின் பெயரோ வசையானது.

அந்த மக்கள் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரைத் தலைநிமிர்ந்து சொல்வதே அவருடைய பதிலாக இருந்தது.

இந்தச் சொல் நம் நாட்டிலும் காயப்படுத்தியிருக்கிறது. அப்துல்லா ஹுசேனின் 'இன்தர்லோக்' நாவல் 1971இல் வெளிவந்தது. 2011இல் அது ஐந்தாம் படிவ மலாய் இலக்கியப் பாடநூலானபோது, இந்தியர்களைப் பற்றிய பகுதியில் இருந்த இச்சொல்லும் சில சித்திரிப்புகளும் கடும் எதிர்ப்பைக் கிளப்பின. அந்த ஆண்டு இறுதியில் நாவலைப் பாடத்திட்டத்திலிருந்து மீட்டுக்கொள்ளும் முடிவு அறிவிக்கப்பட்டது. நம் பிள்ளைகள் வகுப்பறையில் எதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் அன்றைய கேள்வி.

ஆசிரியர்களே, இதை ஒரு பாடவேளையில் நடத்திப் பாருங்கள். 'பறைசாற்றுதல்', 'பரையா' இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு திருவிழாவில் அல்லது திரைப்பாடலில் கேட்ட பறையொலியைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். ஒரே வேர் ஒரு மொழியில் அறிவிப்பாகவும் இன்னொன்றில் ஒதுக்கலாகவும் மாறியதற்குக் காரணங்களை அவர்களே அடுக்கட்டும். சாதி, வணிகம், காலனி ஆட்சி, இலக்கியம் என்று நான்கு காரணங்கள் கிடைத்தால் தேர்வுக்கு நல்ல கட்டுரைச் சட்டகம் தயார்.

அந்த மாணவிக்கு இப்படிச் சொன்னேன்: "நாளிதழ்ல வந்தா புரியணும்மா, அதனால பொருளைப் படிச்சு வச்சுக்கோ. நீ எழுதும்போது 'அவுட்காஸ்ட்'னு எழுது. அதே பொருள்தான், யார் பேரும் அதுல இல்ல." அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ இந்தக் கதையை ஆங்கில டீச்சர்கிட்டயும் சொல்லலாமா?" என்று கேட்டாள். சொல்லத்தான் வேண்டும் என்றேன்.