கித்துள் முட்டியும் சாராயத் தவறணையும்: கண்டிப் பிரதேசத்தில் மதுவின் விலை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மதுவைப் பற்றி நம்மத்தியில் எழுதப்பட்டவை பெரும்பாலும் அறநோக்கில் அமைந்தவையே. குடி குடியைக் கெடுக்கும் என்பதில் எமக்கும் மாறுபாடில்லை. ஆயினும் அறநோக்கு மட்டும் வரலாறாகிவிடாது. ஒரு சமுதாயம் எதைக் குடித்தது, அதனை யார் ஆக்கினார், யார் விற்றார், அதற்கு யார் எவ்வளவு கொடுத்தார் என்னும் வினாக்கள் பொருளியல் வரலாற்றுக்கு உரியவை. வீட்டில் ஆக்கப்படும் மதுவின் அடக்கவிலைக்கும் கடையில் வாங்கப்படும் மதுவின் விலைக்கும் இடையே எங்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது, அது யாருடைய கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைக் கண்டி நகரையும் அதன் சுற்றுப்புறங்களையும் களமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

கண்டிச் சீமையின் மதுவுக்கு ஊற்றாக விளங்கியது கித்துள் மரம். தமிழில் கூந்தற்பனை எனவும் வழங்கும் இம்மரம் ஈரமான மலைச்சாரல்களிலே தானாக வளர்வது. பல ஆண்டுகள் வளர்ந்த பின்னரே பாளை தள்ளும். உச்சியிலிருந்து கீழ்நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகப் பாளைகளை ஈன்று, இறுதிப் பாளையோடு தானும் மடிந்துவிடும். பாளைக்கு மருந்து கட்டிப் பதப்படுத்திச் சீவினால் இனிய நீர் சுரக்கும். அதனைக் காய்ச்சினால் பாணி. மேலும் இறுக்கினால் கருப்பட்டி. காய்ச்சாது விட்டால் காற்றிலும் முட்டியிலும் உள்ள நொதியங்களின் செயலால் சில மணி நேரத்திற் கள். இங்கு கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கருப்பட்டிக்கு விறகு வேண்டும், அடுப்படியிற் பெண்ணின் உழைப்பும் வேண்டும். கள்ளுக்கோ இவை இரண்டும் வேண்டியதில்லை. நொதித்தலைத் தடுப்பதற்கே முயற்சி தேவை; நொதித்தல் தானாகவே நிகழும்.

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் இம்மரத்தைப் பற்றிக் குறிப்பிட்டுள்ளார். சாதாரண மரமொன்று நாளொன்றுக்கு மூன்று நான்கு கலன் நீர் தரும் என்றும், அதனைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்வர் என்றும் கூறும் அவர், குடிவெறியை அந்நாட்டு மக்கள் வெறுத்தனர் என்பதையும் பதிவு செய்துள்ளார். மரம் வாசலில் நின்றது. மதுவோ எளிதிற் கிடைத்தது. எனினும் வெறி பெருகவில்லை. எளிதிற் கிடைத்தலே குடிப்பெருக்கத்துக்குக் காரணம் எனும் வாதத்தை ஏற்குமுன் இச்சான்றை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆனால் அக்காலத்தைப் பொற்காலமாகக் காட்டுவது எமது கருத்தன்று. கித்துள் சீவிக் கருப்பட்டி காய்ச்சும் தொழில் சாதியோடு பிணைக்கப்பட்டிருந்தது. அரண்மனைக்கும் நிலவுடைமையாளருக்கும் கருப்பட்டியும் பாணியும் அளித்தல் நிலத்துக்கு ஈடான ஊழியமாக இருந்தது. கித்துட் கள்ளுக்கு அன்று பணவிலை இருக்கவில்லை என்பது உண்மை. உழைப்பு விலை இருந்தது; அதனை உயரமான மரத்தில் நாளுக்கு இருமுறை உயிரைப் பணயம் வைத்து ஏறியவர் கொடுத்தனர்.

2

1815 மார்ச் 2 ஆம் நாள் கண்டி ஒப்பந்தத்தோடு நிலைமை மாறியது. கரையோர மாகாணங்களில் ஒல்லாந்தர் காலத்திலிருந்தே வழங்கிவந்த குத்தகை முறையைப் பிரித்தானியர் மலைநாட்டுக்கும் விரித்தனர். ஒரு பகுதியில் சாராயத்தைச் சில்லறையாக விற்கும் தனியுரிமை ஏலத்தில் விடப்படும். கூடிய தொகைக்குக் கேட்பவர் குத்தகைகாரர் ஆவர். அவர் தமக்குக் கீழ்த் தவறணைகளை உபகுத்தகைக்கு விடுவர். 1844 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இம்முறைக்கு உறுதியான சட்ட வடிவம் அளித்தது. அரசினருக்கு இது மிக வாய்ப்பான ஏற்பாடு. வரி தண்டும் செலவும் இல்லை, பழியும் இல்லை.

இம்முறையின் உள்ளியல்பை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். குத்தகைகாரர் ஏலத்திற் கொடுத்த பணத்தை மீட்க வேண்டுமாயின் மக்கள் அவருடைய தவறணையிலேயே குடிக்க வேண்டும். தென்மேற்குக் கரையிலே தென்னங் கள்ளிலிருந்து வடிக்கப்பட்ட சாராயம் கடுகண்ணாவைக் கணவாய் ஏறிக் கண்டிக்கு வந்தது. வண்டிக் கூலி, வடிசாலைக்காரரின் இலாபம், குத்தகைத் தொகை, உபகுத்தகைகாரரின் பங்கு ஆகிய யாவும் ஒரு கிண்ணத்தின் விலையில் ஏறின. வாசலில் நின்ற கித்துள் மரமோ இவற்றுள் எதனையும் சுமக்கவில்லை. ஆகவே சந்தையில் இரண்டும் சமமாகப் போட்டியிட்டிருந்தால் தவறணை தோற்றிருக்கும். தோற்காதிருப்பதற்குச் சட்டம் தேவைப்பட்டது. வீட்டில் மது வடித்தல் குற்றமாயிற்று. கிராமத்தவனின் முட்டி ஒழுக்கத்துக்குத் தீங்கு விளைத்தது என்பதிலும் பார்க்க, குத்தகையின் பெறுமதிக்குத் தீங்கு விளைத்தது என்பதே பொருத்தமாகும்.

இவ்வாறு திரண்ட செல்வம் எங்கே சென்றது? மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் டி சொய்சா சாராயக் குத்தகையில் ஈடுபட்டு, 1830 களில் ஹங்குராங்கெத்தையில் முன்னாள் அரச நிலத்தை வாங்கிக் கோப்பித் தோட்டம் செய்த வரலாறு நன்கறியப்பட்டது. இலங்கை முதலாளி வர்க்கத்தின் தொடக்க மூலதனத்தில் சாராயக் குத்தகைக்குரிய பெரும் பங்கினைக் குமாரி ஜயவர்த்தன 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் விரிவாக எடுத்துக் காட்டியுள்ளார். கண்டியின் தவறணைகளிற் சேர்ந்த சதங்கள் கோப்பித் தோட்டங்களாகவும் மாளிகைகளாகவும் உருமாறின.

3

அச்சதங்களைக் கொடுத்தோரில் பெருந்தொகையினர் நம்மவரே. 1823 இல் கம்பளைக்கு அண்மையில் உள்ள சின்னபிட்டியவில் ஜோர்ஜ் பேட் கோப்பித் தோட்டம் தொடங்கியதைத் தொடர்ந்து தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்தனர். 1854 இல் தோட்டத் துரைமாரின் சங்கம் கண்டியிலே அமைக்கப்பட்டது. 1867 இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. இவ்வளவு மாற்றங்களிடையேயும் ஒன்று மாறவில்லை: தோட்டத் தொழிலாளிக்குச் சொந்தமாக ஒரு மரமும் இல்லை.

கண்டிக் கிராமத்தவருக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு இதுவே. முன்னவருக்கு மரம் இருந்தது. பின்னவருக்குக் கூலி இருந்தது. சட்டத்துக்கு அஞ்சியோ அஞ்சாமலோ கிராமத்தவர் தம் கள்ளைத் தாமே இறக்கலாம். லயத்தில் வாழ்ந்தவர், துரையின் நிலத்தில் நின்றவர், எதை இறக்குவார்? அவருக்குத் திறந்திருந்த வழி தவறணை ஒன்றே. அது சம்பள நாளிலே அவருக்காகக் காத்திருந்தது.

இதன் பாரத்தைக் கணக்கிட ஓர் அளவுகோல் உண்டு. 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டத்தின்படி 1929 இல் நாட் கூலி வரையறுக்கப்பட்டது. கண்டியைச் சார்ந்த நடுநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 52 சதம், பெண்ணுக்கு 41 சதம். கணவனும் மனைவியும் வேலை செய்யும் குடும்பத்தின் நாள் வருவாய் 93 சதம். ஆண் தன் கூலியிற் பாதியைத் தவறணையில் விட்டான் எனக் கொள்வோம். எஞ்சுவது 67 சதம். அதில் 41 சதம் பெண் கொணர்ந்தது. குடும்பத்தின் அடுப்பை எரிய வைத்தது, சட்டப்படி குறைத்து மதிக்கப்பட்ட அவளுடைய உழைப்பே. தோட்டத்தில் ஆண் பெண் சம்பளம் சமமாக்கப்படுவதற்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மதுவின் விலையைக் குடிப்பவன் கொடுத்தான் என்பது பாதி உண்மை. மறுபாதியைக் குடிக்காதவள் கொடுத்தாள்.

4

1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் பழைய குத்தகை முறைக்கு மாற்றாக அமைந்தது. கள்ளிறக்க மரம் சீவுவதும், வடிப்பதும், விற்பதும் அரசின் உரிமத்துக்கு உட்பட்டன. கிராமங்களிற் கள்ளுத் தவறணைகள் புதிதாகத் திறக்கப்பட்டமை நாடெங்கும் எதிர்ப்பைக் கிளப்பியது. 1904 இல் எழுந்த மதுவொழிப்பு இயக்கம் 1912 இல் மீண்டும் வலுப்பெற்றது. 1915 மே மாத இறுதியிற் கண்டியில் வெடித்த கலவரத்தைத் தொடர்ந்து அவ்வியக்கத்தின் தலைவர் பலர் சிறையிடப்பட்டனர்.

இவ்வியக்கத்தின் தேசியப் பங்களிப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அதன் வர்க்க இயல்பையும் சுட்டுதல் தகும். மதுக் குத்தகையாற் செல்வம் சேர்த்த குடும்பங்களின் வழிவந்தோரும் அதன் மேடைகளிற் காணப்பட்டனர். தவறணையை மூடுமாறு அவர்கள் கோரினர். தவறணைக்குத் தொழிலாளியைத் துரத்திய லயத்து வாழ்வு அவர்களுடைய தீர்மானங்களில் உரிய இடம் பெறவில்லை. ஏனெனில் அத்தகைய தோட்டங்களின் உடைமையாளரும் அவர்களிடையே இருந்தனர்.

இதே மலைநாட்டில் இன்னொரு மதுவும் வளர்ந்தது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நுவரெலியாவில் வணிக நோக்கில் பியர் ஆலை நிறுவப்பட்டது. நூறாண்டுக்கு மேல் அங்கு இயங்கிய அத்தொழில் 1998 இல் பியகமவுக்கு மாறியது. பிறநாட்டு வாற்கோதுமையைக் கொண்டு ஆக்கிய பியர் ஒரு தொழில். உள்நாட்டு மரத்தின் நீரைப் புளிக்கவிட்டது ஒரு குற்றம். மதுவின் வலிமையை வைத்து இவ்வேறுபாட்டை விளக்க முடியாது. கித்துட் கள் பியரைப் போன்று மென்மையான மதுவே. உரிமம் பெறும் மூலதனம் யாரிடம் இருந்தது என்பதே விளக்கமாகும்.

5

பிற நாடுகளோடு ஒப்பிடின் இது மேலும் தெளிவாகும். இங்கிலாந்தில் வீட்டில் பியர் ஆக்குவோர் உரிமம் பெறவேண்டும் என 1880 இல் விதிக்கப்பட்டது. 1963 இல் அவ்விதி நீக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1978 இல் ஜனாதிபதி காட்டர் ஒப்பமிட்ட சட்டம், வயது வந்தோர் இருவர் கொண்ட வீட்டில் ஆண்டுக்கு 200 கலன் வரை வரியின்றிப் பியர் ஆக்க இடமளித்தது. வீட்டில் ஆக்கிப் பழகியோரிற் சிலர் சிற்றாலைகளைத் தொடங்கினர். கலிபோர்னியாவில் 1980 இல் உற்பத்தியை ஆரம்பித்த சியரா நெவாடா நிறுவனம் அவ்வாறு தோன்றியதே. இன்று அங்கு சிற்றாலைப் பியர் கூடிய விலைக்கு விற்கப்படுகின்றது. வீட்டில் ஆக்கினால் மலிவா, கடையில் வாங்கினால் மலிவா என அந்நாட்டு நடுத்தர வர்க்கத்தினர் ஓய்வு நேரத்திற் கணக்குப் பார்க்கின்றனர். கருவிக்கான செலவையும் தமது நேரத்தையும் சேர்த்துப் பார்த்துச் சிலர் கடைக்கே திரும்பவும் செய்கின்றனர்.

கண்டி மலைகளிலும் இக்கணக்குப் பார்க்கப்படுகின்றது. ஆனால் அங்கு அது பொழுதுபோக்கன்று. தோட்டத் தொழிலாளரின் நாட் சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் மதுவரி 20 சதவீதத்தால் உயர்ந்தது, பின்னரும் உயர்ந்தது. ஒரு நாட் கூலி ஒரு போத்தல் சாராயத்துக்குப் போதாது. அப்போத்தலின் விலையில் பெரும் பங்கு வரியே. இந்த இடைவெளியிலேதான் கசிப்பு வாழ்கின்றது. சீனியும் நொதியமும் கொண்ட கோடாவைப் பீப்பாயிற் புளிக்கவிட்டு, ஆற்றோரத்தில் மறைவாக வடிக்கப்படும் அதற்கு வரியில்லை. தரக் கட்டுப்பாடும் இல்லை. போயா நாட்களில் சட்டபூர்வமான கடைகள் மூடப்படுகையில் அதற்குக் கிராக்கி கூடுகின்றது. அதன் உண்மையான விலை ஈரலிலும் கண்ணிலும் நீதிமன்றத் தண்டத்திலும் பின்னர் அறவிடப்படுகின்றது.

6

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாது? வீட்டு மதுவுக்கும் கடை மதுவுக்கும் இடையிலான விலை வேறுபாடு இயற்கையானதன்று. அது வரலாற்றினால் ஆக்கப்பட்டது. முதலில் குத்தகைகாரரின் இலாபமாகவும், பின்னர் அரசின் வருவாயாகவும் அது வடிவெடுத்தது. வரியைக் குறைத்தாற் குடி பெருகும், கூட்டினாற் கசிப்புப் பெருகும் என்று இரு தரப்பினரும் வாதிடுவர். இரு வாதங்களிலும் உண்மை உண்டு. இரண்டும் விலையை மட்டுமே காண்கின்றன; கூலியைக் காண்பதில்லை என்பதே எமது குறை. வாசலில் மரம் நின்ற நாட்டிற் குடிவெறி வெறுக்கப்பட்டது என்று நொக்ஸ் எழுதிய மலைகளிலேயே, மரமும் நிலமும் மறுக்கப்பட்ட மக்கள் குடிகாரர் எனப் பெயர் வாங்கினர்.

மலையக மக்களின் குடிப்பழக்கம் பற்றிப் பேச முற்படுவோர் அவர்களுடைய லயத்தையும் சம்பளப் பட்டியலையும் முதலில் வாசித்தல் வேண்டும். கண்டிப் பகுதித் தவறணைகளின் குத்தகைக் கணக்குகளையும், வடித்த குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டோரின் நீதிமன்றப் பதிவுகளையும், தோட்டத்துப் பெண்களின் வாய்மொழி நினைவுகளையும் ஒருங்கு சேர்த்து ஆராய்தல் இளைய ஆய்வாளர் முன்னுள்ள பணியாகும். ஒரு கிண்ணத்தின் விலையை யார் யார் கொடுத்தனர் என்னும் கணக்கு முழுமையாக எழுதப்படும்போது, அதில் குடித்தவரின் பெயரோடு குடிக்காதவரின் பெயரும் இடம்பெறுதல் வேண்டும்.