வேறு வைத்த வீடுகளும் பூட்டிய அறைகளும்

வீடு மாறுவது என்றால் லாரி, அட்டைப் பெட்டி, கயிறு, ஒரு நாள் லீவு என்றுதான் நினைப்போம். செட்டிநாட்டில் ஒரே வீட்டுக்குள்ளேயே குடி மாறும் வழக்கம் ஒன்று இருந்தது. மகனுக்குக் கல்யாணம் ஆகிக் கொஞ்ச காலம் போனதும் "வேறு வைத்து" விடுவார்கள். சண்டை போட்டுக்கொண்டு பிரிவதல்ல, அதுதான் முறை. வளவைச் சுற்றி இருக்கும் அறைகளில் ஒன்று அந்தத் தம்பதிக்கு. அடுப்பு தனி, அரிசி தனி, கணக்கும் தனி! ஒரே கூரைக்கு அடியில் நாலைந்து அடுப்புகள் எரியும். கோயில் வரி போடும்போது கல்யாணமான ஒவ்வொரு ஆணும் அவர் குடும்பமும் ஒரு "புள்ளி". கூட்டுக் குடும்பம் என்று நாம் பொதுவாகப் பேசுகிறோமே, அதன் உள்ளே இப்படி ஒரு கச்சிதமான பங்குப் பிரிவினை இருந்தது என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

இந்த வீடுகளை எழுப்பிய பணம் பெரும்பாலும் கடல் கடந்து வந்தது. பர்மா, இலங்கை, மலாயா என்று ஆண்கள் "கொண்டுவிக்க"ப் போனார்கள். ஏஜென்டாகப் போனால் பொதுவாக மூன்று வருடக் கணக்கு. மனைவி, மக்கள் பெரும்பாலும் ஊரிலேயே. 1930-ஆம் ஆண்டு பர்மா வங்கி விசாரணைக் குழு தந்த அறிக்கை, அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும், புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. (அந்தக் காலத்து 75 கோடி!) அந்தப் பணம் பர்மாத் தேக்காகவும் இத்தாலி மார்பிளாகவும் பெல்ஜியம் கண்ணாடியாகவும் காரைக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் வந்து இறங்கியது. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீளும் வீடுகள்.

வீட்டைப் பற்றி எழுதாதவர் இல்லை. அறைக்குள் இருந்த சாமான்தான் சுவாரசியம். பெண்ணுக்குக் கொடுக்கும் சீர் ஒரு அண்டா, இரண்டு குடம் என்று முடியாது. ஒரே பாத்திரம் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக இருக்கும். பித்தளை, வெண்கலம், வெள்ளி, பிறகு எவர்சில்வர். வெளிநாட்டு எனாமல் டிபன் கேரியர்கள், பீங்கான் ஜாடிகள், பர்மா அரக்குப் பெட்டிகள், பனையோலைக் கொட்டான்கள். எல்லாவற்றையும் கல்யாணத்தில் பரப்பி வைத்து, பட்டியல் எழுதி வைப்பார்கள். பிறகு அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பல சாமான்கள் அடுப்பில் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

இதைப் பார்த்து "எதற்கு இவ்வளவு? ஆடம்பரம்!" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் கணக்குப் பார்த்தால் வேறு விஷயம் தெரியும். வீடு ஆண் வாரிசுகளுக்கு. கடை முதலும் ஆண்களுடையது. பெண்ணுக்கு என்று இருந்தது அந்தச் சாமானும் நகையும் ரொக்கமும்தான். சீர் அவளுடைய சொத்து, பட்டியல் அதற்கு அத்தாட்சி. அவளிடமிருந்து அது மகளுக்குப் போகும். ஆண்களுக்குப் பேரேடும் ஐந்தொகையும் இருந்தன. பெண்களுக்கு அந்தப் பூட்டிய அறை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 1989-இல்தான். அதுவரை ஒரு பெண் பித்தளை அண்டாவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல முடியுமா?

பர்மாவில் நிலைமை தலைகீழாகியது. 1930-களின் மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. அடகு நிலமெல்லாம் செட்டியார் கைக்கு வந்தது. முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த அவர்கள் நிலம் 1938-இல் 25 சதவீதம் ஆகிவிட்டது. வட்டிக்குக் கொடுத்தவருக்கு வேண்டியது ரொக்கம், கிடைத்தது வயல். அங்குள்ள விவசாயிகளின் கோபமும் கூடவே வந்தது, அதில் நியாயமும் இருந்தது. 1942-இல் ஜப்பான் படை வந்ததும் லட்சக்கணக்கான இந்தியர்கள் ஓடி வந்தார்கள், பலர் காட்டு வழியில் நடந்தே. போர் முடிந்து பர்மா சுதந்திரம் அடைந்த பிறகு, 1948-இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. பெட்டியில் பத்திரமாக இருந்த நிலப் பத்திரங்கள் வெறும் காகிதம் ஆயின.

அதன் பிறகு நடந்தது மெதுவாக நடந்தது. வருமானம் நின்றது, குடும்பங்கள் சென்னைக்கும் மற்ற ஊர்களுக்கும் போய்விட்டன. ஒரு வீட்டுக்கு மூன்று தலைமுறையில் எத்தனை பங்காளிகள் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் விற்க முடியாது. எனவே வீடு பூட்டியே நின்றது. ஆனால் சாமானுக்குப் பங்காளிகள் கையெழுத்து வேண்டாமே! முதலில் வெளியே போனது பெண்களின் சாமான்தான். பிறகுதான் தேக்குத் தூண், கதவு, நிலை எல்லாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன.

எல்லாமே கடைக்குப் போகவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா என்பவர் ஒரு விளம்பரப் பலகை ஓவியர். பழைய புத்தகங்கள் மட்டுமில்லாமல், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பை என்று தள்ளியதை எல்லாம் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் காலமானார். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. ஆனால் அமெரிக்காவுக்குக் கொண்டு போகவில்லை. கோட்டையூர் வீட்டிலிருந்து சென்னைக்கு வந்தது, அதுதான் இன்றைய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பழைய தமிழ்ப் புத்தகம் தேடுகிற யாரும் ஒரு தடவையாவது அங்கே போயிருப்பார்கள்.

காகிதத்துக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். சீர்ப் பட்டியல்களில் இருந்த அண்டாக்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பழம்பாத்திரங்களின் விளிம்பில் உளியால் வெட்டிய எழுத்துகள் இருக்கும், குடும்ப விலாசமோ ஒரு பெண்ணின் பெயரோ. எடைக்குப் போட்டால் அந்த எழுத்துக்கு விலை கிடையாது.